வேர்டில் இரட்டிக்கும் வார்ப்புருக்கள்: கேள்வியும் பதிலும்

கோலாலம்பூர், பினாங்கு வட்டாரங்களில் அலுவலகம், பள்ளி, ஆலயம் ஆகியவற்றில் வேர்டு பயன்படுத்தும் தமிழர்கள், வார்ப்புருக்கள் (டெம்ப்ளேட்டுகள், அதாவது புதிய ஆவணங்களுக்கு அச்சாக அமையும் கோப்புகள்) இரண்டிரண்டாகப் பெருகுவது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வேறு குறிப்பு இல்லாத இடங்களில் என் பதில்கள் விண்டோஸில் இயங்கும் வேர்டு 2013 முதல் இன்றைய மைக்ரோசாஃப்ட் 365 வரையிலான பதிப்புகளுக்குப் பொருந்தும். தொடங்குமுன் ஒரு வேண்டுகோள்: திரையில் இரட்டையாகத் தெரியும் எதையும், அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று பார்க்காமல் அழித்துவிடாதீர்கள்.

வழக்கறிஞர் அலுவலகக் கிராணி, பெட்டாலிங் ஜெயா: ஐயா, புதிய ஆவணம் தொடங்கும் பக்கத்தில் எங்கள் வாடகை ஒப்பந்த டெம்ப்ளேட் இரண்டு முறை தெரிகிறது. ஒன்றை அழித்துப் பார்த்தேன், இரண்டும் போய்விட்டன. நல்ல வேளையாகக் குப்பைத் தொட்டியிலிருந்து மீட்டுவிட்டேன்.

இரண்டும் சேர்ந்து மறைந்ததே உங்களுக்கான விடையைச் சொல்லிவிடுகிறது. வட்டில் இருப்பது ஒரே கோப்பு. வேர்டு அதை இரண்டு வழிகளில் போய்ப் பார்த்து இரண்டு முறை காட்டுகிறது. 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்ட்' என்று சென்று பக்கத்தின் அடிப்பகுதி வரை இறங்கினால் 'ஃபைல் லொக்கேஷன்ஸ்' என்ற பொத்தான் இருக்கும். அதில் 'யூசர் டெம்ப்ளேட்ஸ்', 'வொர்க்குரூப் டெம்ப்ளேட்ஸ்' என்று இரண்டு வரிகளைக் காண்பீர்கள். முதலாவது உங்களுக்கு மட்டும் உரிய கோப்புறை. இரண்டாவது அலுவலகம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் கோப்புறை. அலுவலகக் கணினியை அமைத்துக் கொடுத்தவர், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், இரண்டு வரிகளிலும் ஒரே பாதையைக் கொடுத்திருப்பார். இப்படி நேர்வதற்கு வழக்கமான காரணம் அதுதான்.

'யூசர் டெம்ப்ளேட்ஸ்' வரியை அதன் இயல்பான இடத்துக்கே திருப்பிவிடுங்கள். அது உங்கள் பயனர் கணக்கின் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ் என்ற வரிசையில் அமைந்திருக்கும். பகிர்வுக் கோப்புறையை 'வொர்க்குரூப்' வரியில் மட்டும் விடுங்கள். இதோடு வேலை முடிந்துவிடவில்லை. 'ஆப்ஷன்ஸ்' பகுதியிலேயே 'சேவ்' என்ற பக்கத்தில் தனிப்பட்ட வார்ப்புருக்களுக்கான இருப்பிடம் ஒன்று தனியாகக் கேட்கப்படும். வேர்டு 2013இலிருந்து வந்த இந்த மூன்றாவது பாதையைப் பலர் பார்ப்பதே இல்லை; அங்கேயும் பகிர்வுக் கோப்புறையின் பெயர் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கிள்ளான்: தேர்வுத்தாள் டெம்ப்ளேட்டில் பள்ளிச் சின்னத்தையோ ஆண்டையோ மாற்றும்போதெல்லாம் இன்னொரு டெம்ப்ளேட் முளைத்துவிடுகிறது. பழையது மாறாமல் அப்படியே இருக்கிறது.

ஆசிரியை அவர்களே, நீங்கள் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்கிறீர்கள். வார்ப்புருவை அப்படித் திறந்தால் வார்ப்புரு திறப்பதில்லை; அதைப் பார்த்து எடுத்த ஒரு புதிய ஆவணமே திறக்கும். அடுத்த முறை சன்னலின் தலைப்புப் பட்டையைக் கவனியுங்கள்: உங்கள் கோப்பின் பெயருக்குப் பதிலாக 'டாக்குமெண்ட்1' என்று இருக்கும். அதில் திருத்தம் செய்து, சேமிக்கும் வகையாக 'வேர்டு டெம்ப்ளேட்' என்று தேர்ந்தெடுத்த அந்தக் கணமே, வேர்டு நீங்கள் இருந்த கோப்புறையை விட்டு 'கஸ்டம் ஆபிஸ் டெம்ப்ளேட்ஸ்' என்ற கோப்புறைக்குத் தானாகத் தாவிவிடும். பெயர் அதேதான், இடம் மட்டும் வேறு என்பதால், மேலெழுதட்டுமா என்ற எச்சரிக்கையும் வராது. இப்படித்தான் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நகல் சேர்ந்திருக்கிறது.

திருத்த வேண்டுமானால் கோப்பின் மேல் வலச்சொடுக்கு செய்து 'ஓப்பன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது வேர்டுக்குள் இருந்துகொண்டே 'ஃபைல்', 'ஓப்பன்' வழியாகத் திறங்கள். தலைப்புப் பட்டையில் கோப்பின் சொந்தப் பெயரைக் கண்ட பிறகே விசைப்பலகையில் கை வையுங்கள்.

பொறியாளர், பாயான் லெப்பாஸ்: டெம்ப்ளேட்ஸ் கோப்புறையில் 'நார்மல்' கோப்பு இரண்டு இருக்கிறது. ஒன்றின் பெயர் அலைக்குறியும் டாலர் குறியுமாகத் தொடங்குகிறது.

'நார்மல்' என்பது வெற்று ஆவணங்களுக்கு வேர்டு எடுத்துக்கொள்ளும் அடிப்படை வார்ப்புரு. அலைக்குறியோடு தொடங்குவது, அந்தக் கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்ட, வேர்டு திறந்திருக்கும்போது வைக்கும் பூட்டுக் கோப்பு. வேர்டை மூடினால் மறைந்துவிடும்.

கணக்காளர், பட்டர்வொர்த்: வேர்டை மூடும்போதெல்லாம் 'நார்மல்' வார்ப்புருவில் மாற்றம் ஏற்பட்டுள்ளது, சேமிக்கட்டுமா என்று கேட்கிறது. வேறு பெயரில் சேமித்துச் சேமித்து ஐந்தாறு 'நார்மல்' சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிடு என்கிறார் நண்பர்.

அழிக்காதீர்கள் ஐயா. உங்கள் நண்பர் சொன்னது ஊரெல்லாம் புழங்கும் ஆலோசனை. அதனால் பலர் தங்கள் உழைப்பை இழந்திருக்கிறார்கள். 'நார்மல்' என்பது வெறும் வெற்றுத்தாள் அன்று. நீங்கள் சேர்த்த பாணிகள் (ஸ்டைல்கள்), மேக்ரோக்கள் (தானாக இயங்கும் கட்டளைத் தொகுப்புகள்), குறுக்குவிசைகள், அடிக்கடி இடும் தொடர்கள் ஆகியவை பெரும்பாலும் அதற்குள்தான் குடியிருக்கின்றன. அது காணாமற்போனால் வேர்டு அடுத்த முறை திறக்கும்போது புதிதாக ஒன்றைப் படைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அதில் உங்களுடையது எதுவும் இருக்காது. வேர்டை மூடிவிட்டு 'நார்மல்' என்பதை 'நார்மல்-பழையது' என்று பெயர் மாற்றுங்கள். புதியது உருவான பின், தேவையான பாணிகளையும் மேக்ரோக்களையும் 'ஆர்கனைசர்' என்ற வேர்டின் கருவி வழியாகப் பழையதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஓயாமல் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஏதாவது ஒரு செருகுநிரல் (ஆட்-இன், வேர்டோடு சேர்ந்து இயங்கும் துணை நிரல்), நீங்கள் அறியாமல் 'நார்மல்' கோப்பைத் தொடுவதுதான். விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, 'வின்வேர்டு' என்ற கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளியும் சாய்கோடும் ஏ எழுத்தும் இட்டுத் திறந்து பாருங்கள். அப்போது செருகுநிரல்கள் ஏறாது. மூடும்போது கேள்வி வரவில்லையென்றால், செருகுநிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம்.

ஆலயச் செயலாளர், செந்தூல்: திருவிழா அழைப்பிதழுக்கு ஒரே பெயரில் இரண்டு வார்ப்புருக்கள் வைத்திருக்கிறோம். புதிய கணினியில் ஒன்றில் தமிழ் தெரிகிறது; மற்றொன்றில் புள்ளியும் கொம்பும் வைத்த ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. எதை வைத்துக்கொள்வது?

இந்தக் கேள்வி இந்நாட்டுத் தமிழ் அமைப்புகள் பலவற்றுக்கும் உரியது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். கொம்பு வைத்த எழுத்துகளாகத் தெரிவது டிஸ்கி, டாப், டாம் போன்ற பழைய குறியாக்கம் (எழுத்துகளுக்குக் கணினி எண் கொடுக்கும் முறை) ஒன்றில் தட்டச்சு செய்தது. அவற்றில் தமிழ் எழுத்துகள் இலத்தீன எழுத்துகளுக்கு உரிய இடங்களில் உட்கார்ந்திருக்கும்; அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் இலத்தீன வடிவமே வெளிப்படும். மற்றொன்று ஒருங்குறி (யூனிகோட்). தமிழுக்கு ஒருங்குறியில் 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது. 1980களில் இங்கே முத்து நெடுமாறன் உருவாக்கத் தொடங்கிய முரசு உட்பட, பழைய குறியாக்கங்களில் தொடங்கிய மென்பொருள்களும் பின்னர் ஒருங்குறிக்கு வந்துவிட்டன. ஆகவே ஒருங்குறி வார்ப்புருவே உங்கள் மூலமாக இருக்க வேண்டும். பழையதைப் பெயர் மாற்றி, தனிக் கோப்புறையில் ஒதுக்கி வையுங்கள்.

பழைய வார்ப்புருவின் பாணியை அப்படியே புதியதற்கு எடுத்துச் சென்றால் வேலை செய்யாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். வேர்டு ஒவ்வொரு பாணியிலும் இலத்தீன எழுத்துக்கு ஓர் எழுத்துருவையும், தமிழ் போன்ற சிக்கலான வரிவடிவங்களுக்கு இன்னோர் எழுத்துருவையும் தனித்தனியே வைத்திருக்கிறது. அளவும் அப்படியே தனித்தனி. பழைய எழுத்துரு இலத்தீன அறையில் இருக்கும். ஒருங்குறித் தமிழோ இரண்டாம் அறையைப் பார்க்கும். அங்கே எதுவும் குறிப்பிடப்படாவிட்டால் பெரும்பாலும் லதா எழுத்துருவில் வந்து நிற்கும். 'எழுத்துருவை மாற்றினேன், மாறவில்லை' என்று வரும் புலம்பல்களில் பல இதனால்தான். பாணியைத் திருத்தும் பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற பகுதியில் எழுத்துருவையும் அளவையும் குறிப்பிடுங்கள்.

அச்சக உரிமையாளர், ஈப்போ சாலை: மன்னிக்கவும் ஐயா, இதை ஏற்க முடியாது. எங்களிடம் பக்கம் அமைப்பது பேஜ்மேக்கரில். ஒருங்குறியில் கொடுத்தால் கட்டம் கட்டமாக வருகிறது. ஆலயங்களிடம் பழைய எழுத்துருக் கோப்பைக் கேட்பதே நாங்கள்தான். இரண்டு வார்ப்புருவும் இருந்தே ஆக வேண்டும்.

உங்கள் தொழில் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு மூலங்களை வைத்துக்கொண்டால், பூசை நேரத்தை ஒன்றில் திருத்திவிட்டு மற்றொன்றில் திருத்த மறந்துவிடுவார்கள். அச்சுக்குப் போவது திருத்தாததாக இருக்கும். ஒருங்குறி வார்ப்புருவில் தயாரித்து, வேர்டிலிருந்தே பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத்துருவின் உரிமம் தடுக்காதவரை அது கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும்.

அதே அச்சக உரிமையாளர்: பிடிஎஃப் வந்தால் கடைசி நேரத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாதே. உபயதாரர் பெயர் அச்சேறும் நாள் காலையில்தான் வரும்.

அது நியாயமான மறுப்பு. அப்படியானால் மாற்றத்தைச் செய்ய வேண்டியது ஆலயத்தின் மூலத்தில். புதிய பிடிஎஃப் சில நிமிடங்களில் வந்துவிடும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வெளியானது. பக்கம் அமைக்கும் இன்னொரு மென்பொருளான இன்டிசைனிலோ 'வேர்ல்ட்-ரெடி' பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் ஒருங்குறித் தமிழ் சரியாக அமையும். மாறுவதற்குச் செலவு உண்டு என்பதை மறுக்கவில்லை. அந்தச் செலவை ஆலயங்களின் வார்ப்புருக் கோப்புறைகள் சுமக்கக் கூடாது என்பதே என் வாதம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், புக்கிட் மெர்தாஜாம்: பழைய கூட்டக் குறிப்புகள் எல்லாம் அந்தக் குறியாக்கத்தில் இருக்கின்றனவே. அவற்றைத் திறக்கவாவது பழைய வார்ப்புரு வேண்டாமா?

திறப்பதற்கு வார்ப்புரு தேவையில்லை ஐயா, எழுத்துரு போதும். எழுத்துருவைக் காப்பாற்றி வையுங்கள். குறிப்புகளைக் குறியாக்க மாற்றி மென்பொருள் ஒன்றால் ஒருங்குறிக்கு மாற்றும்போது, எந்தக் குறியாக்கம் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். டிஸ்கியை டாப் என்று சொல்லி மாற்றினால் வேறொரு குழப்பம் வந்து சேரும்.

தொண்டூழியர், ஜோர்ஜ் டவுன்: ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகம்) வந்த பிறகு எங்கள் கடிதத்தாள் வார்ப்புருவின் பெயருக்குப் பின்னால் கணினியின் பெயர் ஒட்டிக்கொண்டு இன்னொன்று வந்திருக்கிறது.

இரண்டு கணினிகளில் ஒரே கோப்பைத் திருத்தியிருக்கிறீர்கள். ஒன்டிரைவால் இரண்டையும் இணைக்க முடியாதபோது ஒன்றுக்குக் கணினிப் பெயரைச் சூட்டி இரண்டையும் காப்பாற்றுகிறது. இரண்டையும் திறந்து ஒப்பிடுங்கள், புதிய திருத்தம் எதில் இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைப் பெயர் மாற்றி ஒதுக்குங்கள். கூடவே, ஒன்டிரைவ் உங்கள் 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறையைத் தன்னிடம் இழுத்துக்கொண்ட பிறகும் பழைய இடத்தில் ஒரு 'கஸ்டம் ஆபிஸ் டெம்ப்ளேட்ஸ்' எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்.

காப்புறுதி முகவர், செராஸ்: எனக்கும் டெம்ப்ளேட் இரண்டிரண்டாகத் தெரிகிறது, என்ன செய்வது?

முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

மாணவி, காஜாங்: இரண்டில் எதை அழிப்பது?

எதையும் அழிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். பெயரை மாற்றுங்கள், ஒரு வாரம் வேலை செய்து பாருங்கள், ஒன்றும் கெடவில்லையென்றால் பிறகு முடிவு செய்யுங்கள்.

சிறுதொழில் செய்பவர், பிரிக்பீல்ட்ஸ்: கூகுள் டாக்ஸில் இதே பிரச்சினைக்கு?

அது என் துறை அன்று. அதில் அன்றாடம் வேலை செய்பவரைக் கேளுங்கள்.

நூலக உதவியாளர், ஷா ஆலாம்: லிப்ரே ஆபிஸில்?

கண்ட்ரோல், ஷிஃப்ட், என் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் வார்ப்புரு மேலாளர் திறக்கும். இரட்டைகளை அங்கே வகைவாரியாகப் பார்த்துப் பெயர் மாற்றலாம்.

சட்ட அலுவலக மேலாளர், ஜோர்ஜ் டவுன்: பழைய சேவையகத்தை (சர்வர்) எடுத்துவிட்டு, அதிலிருந்த வார்ப்புருக்களை எல்லாம் புதியதற்கு நகலெடுத்தோம். அது முதல் பழைய ஆவணங்கள் திறக்க நெடுநேரம் ஆகிறது.

ஒவ்வொரு ஆவணமும் தன்னை எந்த வார்ப்புருவிலிருந்து எடுத்தார்களோ அதன் முழுப் பாதையையும் நினைவில் வைத்திருக்கும். சேவையகம் போய்விட்டது, ஆவணம் இன்னும் அங்கே தட்டிக்கொண்டிருக்கிறது. பதில் வராது என்று வேர்டு முடிவுக்கு வரும் வரை நீங்கள் காத்திருக்கிறீர்கள். புதிய சேவையகத்தில் அதே பெயரில் நகல் இருப்பதால் பயனில்லை, ஏனென்றால் பாதை வேறு.

'டெவலப்பர்' பட்டையில் 'டாக்குமெண்ட் டெம்ப்ளேட்' என்பதைச் சொடுக்கினால் பழைய பாதை அப்படியே தெரியும். 'அட்டாச்' மூலம் புதிய இடத்திலுள்ள வார்ப்புருவை இணைத்துவிட்டு ஆவணத்தைச் சேமியுங்கள். கையெழுத்தாகி முடிந்த ஒப்பந்தங்களில் 'பாணிகளைத் தானாகப் புதுப்பி' என்ற பெட்டியில் குறி இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்; இல்லையேல் வார்ப்புருவில் பின்னாளில் செய்யும் மாற்றம் பழைய ஒப்பந்தத்தின் தோற்றத்தையும் மாற்றிவிடும். நூற்றுக்கணக்கில் ஆவணங்கள் இருந்தால் ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டாம். உங்கள் கணினிப் பொறுப்பாளர் ஒரு மேக்ரோ எழுதி ஒரு கோப்புறை முழுவதையும் மாற்றலாம். முதலில் அந்தக் கோப்புறையின் நகலில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.