நொட்டாங்கை மவுஸ்

வணக்கம் அண்ணா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பகல் முழுக்க டேலியும் எக்செல்லும். இரவு பத்து மணிக்கு மேல் நண்பர்களோடு வேலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வயர்லெஸ் கேமிங் மவுஸ் வாங்கலாம் என்று மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லாஜிடெக் ஜி304 நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அதில் 12,000 டிபிஐதான். இன்னும் கொஞ்சம் காசு போட்டால் 26,000 டிபிஐ உள்ளவை கிடைக்கின்றன. எடையும் குறைவு. எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டு இணைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்?

பி.கு.: நான் இடது கைப் பழக்கம் உள்ளவன். மவுஸ் மட்டும் பள்ளிக்கூடத்து லேபில் பழகியபடி வலது கையில்தான். விளையாட்டில் துப்பாக்கியை இடது கைக்கு மாற்றி வைத்திருக்கிறேன்!

ச., திருப்பூர்

*

அன்புள்ள ச.,

அட்டவணையைப் பார்த்தேன். பதினான்கு வரிசை, பச்சை, மஞ்சள், சிவப்பு. கணக்குப் பிரிவுக்காரர் போட்டது என்று யாரும் சொல்லாமலே தெரியும். பேட்டரிக்கு ஒரு வரிசை, விளக்கின் நிறத்துக்குக்கூட ஒரு வரிசை. கைக்கு ஒரு வரிசை இல்லை. அதைப் பின்குறிப்பில் தள்ளிவிட்டு ஆச்சரியக்குறி வேறு போட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 26,000. இதை எத்தனை பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன் என்று எனக்கே தெரியாது, இருந்தாலும் உங்களுக்கும் சொல்கிறேன். டிபிஐ என்பது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது கணினிக்கு எத்தனை எண்ணிக்கை சொல்கிறது என்பது. உங்கள் திரையின் அகலம் 1,920 புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணிக்கைக்கு ஒரு புள்ளி என்று கணக்கிட்டால், 800 டிபிஐயில் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக 2.4 அங்குலம், அதாவது ஆறு சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். நீங்கள் சிவப்பு பூசி வைத்திருக்கும் அந்த 12,000த்திலேயே நாலு மில்லிமீட்டர் போதும். 26,000த்தில் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. தும்மினால் போய்ச் சேர்ந்துவிடும். டிபிஐயை ஏற்றிவிட்டு விளையாட்டுக்குள் சென்சிட்டிவிட்டியைக் குறைத்துக்கொள்வேன் என்பீர்கள். குறைத்தால் பழைய இடத்துக்குத்தானே வந்து சேர்கிறீர்கள்? போட்டிகளில் பரிசுப் பணத்துக்கு ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் 400, 800, மிஞ்சிப்போனால் 1,600. உங்கள் நிறுவனத்தில் யாராவது பத்து லட்சம் பீஸ் தைக்கும் மெஷின் என்று விற்க வந்தால், ஒரு நாளைக்கா ஒரு வருடத்துக்கா என்று கேட்க மாட்டீர்களா? மவுஸ் பெட்டியின் முன்னால் மட்டும் ஏன் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை?

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சாதாரண ஆபீஸ் மவுஸ் விநாடிக்கு 125 முறை தகவல் அனுப்பும், கேமிங் மவுஸ் 1,000 முறை. விளையாட்டில் அந்த வித்தியாசம் தெரியும், டேலியில் தெரியாது. ஜி304க்கு ஒரு பென்சில் பேட்டரி, 250 மணி நேரம் வரை என்று சொல்கிறார்கள். புளூடூத் கிடையாது, குட்டி ரிசீவரைத்தான் செருக வேண்டும். யுஎஸ்பி 3.0 துளைக்குப் பக்கத்தில் செருகினால், மவுஸும் ரிசீவரும் பேசிக்கொள்ளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் வரும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை எழுதி வைத்திருக்கிறது. அம்பு திக்கித் திக்கி நகர்ந்தால் மவுஸைத் திட்டாமல், ஒரு நீட்டிப்பு வயர் போட்டு ரிசீவரை மேஜைமேல் கொண்டுவாருங்கள். விளக்கு பற்றி நான் பேசப்போவதில்லை.

இப்போது பின்குறிப்புக்கு வருகிறேன். போன வாரம் பரண் ஒழித்தபோது ஒரு பழைய மவுஸ் கிடைத்தது. அடியில் மூடியைத் திருகினால் ரப்பர் உருண்டை விழுமே, அந்தக் காலத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் உங்கள் கடிதம்.

1998இல் மதுரையில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தேன். பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. இருந்தது ஒரே கம்ப்யூட்டர். காலையில் ஓர் அக்கா, சாயங்காலம் நான். உருண்டை மவுஸில் அழுக்கு சேர்ந்தால் அம்பு நகராது. உள்ளே இருக்கும் உருளைகளில் கறுப்பாகப் பட்டை பிடித்திருக்கும், நகத்தால் சுரண்ட வேண்டும். நான் ஒரு நாளும் சுரண்டியதில்லை. நான் போகும்போது எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் மவுஸ் கீபோர்டின் இடது பக்கம் கிடக்கும். வயர் நீளம் போதாமல் மானிட்டருக்குப் பின்னால் சுற்றி இழுத்து வைத்திருப்பார். எனக்கு எரிச்சலாக வரும். தினமும் முணுமுணுத்துக்கொண்டே வலது பக்கம் மாற்றுவேன்.

ஒரு நாள் ஒரு பெரியவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் பார்க்க வந்தார். அக்கா நீட்டிய தாளை வாங்காமல் கையை இழுத்துக்கொண்டார். “நல்ல காரியத்துக்கு நொட்டாங்கையில குடுக்குறியேம்மா.” அக்கா தாளை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு யார் வந்தாலும் தாளை மேஜையில்தான் வைப்பார்.

அந்த வாரமே நான் முதலாளியிடம், மவுஸை மாற்றி மாற்றி வைத்தால் வயர் அறுந்துவிடும் என்று போய்ச் சொன்னேன். ஆமாம், நான்தான். இருபது வயது, அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். முதலாளி கரண்ட் வயருக்கு அடிக்கும் வெள்ளை கிளிப் ஒன்றை எடுத்துவந்து, மேஜையின் வலது ஓரத்தில் வயரை வைத்து ஆணி அடித்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வலது கைக்கு மாறினார். இரண்டு பத்திரிகை முடிக்கிற நேரத்தில் ஒன்று முடித்தார். உருளைகளை மட்டும் கடைசிவரை சுரண்டி வைத்துவிட்டுத்தான் போனார்.

உங்கள் பள்ளிக்கூட லேபில் ஆணி தேவைப்பட்டிருக்காது. மவுஸ் வலது பக்கம் இருந்தது, நீங்களும் போய் உட்கார்ந்தீர்கள். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில், மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட் அதை ஊருக்குக் காட்டியபோதே வலது கையில் மவுஸ், இடது கையில் ஐந்து கட்டை உள்ள ஒரு சிறு கீபோர்டு. அன்றைக்கு ஆரம்பித்த பாகப்பிரிவினை.

நீங்கள் பச்சை பூசிய அந்த ‘எடை’ வரிசையைப் பார்ப்போமா? 2018இல் வந்த லாஜிடெக் ஜி புரோ வயர்லெஸ் 80 கிராம். பக்கவாட்டுப் பொத்தான்களை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். 2020இல் அதன் தம்பி சூப்பர்லைட் 63 கிராமுக்கும் கீழே போனது, வலது பக்கப் பொத்தான்கள் போய்விட்டன. 2019இல் ரேசர் வைப்பர் அல்டிமேட் 74 கிராம், இரு பக்கமும் பொத்தான். 2022இல் வைப்பர் வி2 புரோ 58 கிராம், வலது பக்கம் மொட்டை. வலது பக்கப் பொத்தான் யாருக்கு? இடது கையால் பிடிப்பவரின் பெருவிரலுக்கு. உலகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடது கைக்காரர். இளைக்கவேண்டி வந்ததும் கை வைத்தது அவர்கள் பொத்தானில். அதற்கு நீங்களே பச்சை பூசுகிறீர்கள், தம்பி.

சரி, உங்கள் வேலையை யோசியுங்கள். நாள் முழுக்க எண்கள். எண் கட்டைகள் கீபோர்டின் வலது பக்கம். மவுஸும் வலது பக்கம் என்றால் அந்த ஒரு கையேதான் கட்டைக்கும் மவுஸுக்கும் நாளெல்லாம் அலைகிறது, மவுஸ் தள்ளிப்போய் தோளும் விரிகிறது. மவுஸை இடது கைக்குக் கொடுங்கள். வலது கை எண்களை விட்டு நகரவே வேண்டாம். கணக்கு எழுதுகிறவருக்கு நொட்டாங்கை வாய்த்தது யோகம், நீங்கள் அதைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். விண்டோஸில் மவுஸ் அமைப்புக்குப் போய் முதன்மைப் பொத்தானை மாற்றினால் முடிந்தது.

விளையாட்டில் இது எடுபடாது, தெரியும். ஆளை நகர்த்தும் டபிள்யூ, ஏ, எஸ், டி கட்டைகள் நான்கும் இடது கையில் ஊறியிருக்கும். அங்கே வலது கையிலேயே இருக்கட்டும். திரையில் இருக்கிறவனாவது இடது கையால் சுடட்டும். ஒரே மவுஸ் பகலில் இந்தப் பக்கம், இரவில் அந்தப் பக்கம். வயர்லெஸ் வாங்க எனக்குத் தெரிந்த உருப்படியான காரணம் இதுதான், உங்கள் பதினான்கு வரிசையிலும் இல்லாதது.

அதற்கு இரு பக்கமும் ஒரே வடிவம் வேண்டும். உள்ளங்கைக்கு ஏற்றாற்போல் சரிந்து வளைந்த மவுஸ்கள் பெரும்பாலும் வலது கைக்குச் செய்தவை, அவற்றை அடித்துவிடுங்கள். ஜி304இன் வடிவம் இரு கைக்கும் ஒன்றுதான். பக்கப் பொத்தான்கள் வலது கைக்காரருக்கானவை, ஆனால் டேலிக்கு அவை தேவையில்லை. அப்புறம், அது அளவில் சிறியது. பெரிய கை என்றால் விரல் மடங்கிக்கொண்டே இருக்கும், சாயங்காலத்துக்குள் வலிக்கும்.

அதனால் இன்றைக்கு எதையும் ஆர்டர் போடாதீர்கள். திங்கட்கிழமை ஆபீஸில் இருக்கும் பழைய மவுஸையே இடது பக்கம் வையுங்கள். நாலு நாள் கை தடுமாறும், பக்கத்து சீட்டுக்காரர் சிரிப்பார். இரண்டு வாரம் கழித்து எழுதுங்கள். மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து அதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு கையையும் அளக்கவேண்டும்.