நோன்மை – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கதையில் கடலில் பாசி எடுக்கப் போகும் கிழவியை ‘நோன்மை கொண்டவள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அகராதியைப் புரட்டினேன். வலிமை, பொறுமை, தவம் என்று மூன்றையும் போட்டிருக்கிறது. இதில் எது? பேசாமல் பொறுமை என்றே எழுதியிருக்கலாமே? எங்கள் பக்கம் யாரும் இந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை.

ர.,
தொண்டி

அன்புள்ள ர.,

கேட்டதில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தொண்டியில் இருந்துகொண்டு நோன்பு என்ற சொல் காதில் விழாமல் இருக்குமா? நோன்பு வைக்கிறார்கள், நோன்பு திறக்கிறார்கள், சாயங்காலமானால் நோன்புக் கஞ்சி வாங்கப் பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு பள்ளிவாசலில் நிற்கிறார்கள். நோன்மையும் நோன்பும் ஒரே வீட்டுச் சொற்கள். வினையாக வரும்போது நோற்றான், நோற்பான். இதை நோவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். நோவுக்கு நொந்தான் என்றல்லவா வரும்? நொந்தவன் வேறு, நோற்றவன் வேறு.

‘உண்ணாது நோற்பார் பெரியர் பிறர்சொல்லும்
இன்னாச்சொல் நோற்பாரின் பின்’

160ஆவது குறள். ஒரே சொல் இரண்டு முறை வருகிறது. முதல் ஆள் பசியைத் தாங்குகிறார், அடுத்தவர் ஏச்சைத் தாங்குகிறார். பட்டினி கிடந்தவருக்கு இரண்டாம் இடம்தான். பொறையுடைமை அதிகாரத்துக் குறள் என்பதால் இங்கே பொறுமை என்று பொருள் கொள்வதில் தப்பில்லை. ஆனால் திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்தில் முருகனுக்கு ‘மதனுடை நோன்தாள்’. அதைப் பொறுமையான கால் என்று சொன்னால் சிரிப்பார்கள். தன்னிடம் வந்து சேர்ந்தவர்களைத் தாங்குகிற வலுவான கால் அது. பகைவருக்கு ‘நோனார்’ என்று ஒரு பழைய பெயர் உண்டு; நம்மைத் தாங்க முடியாதவர்கள். ஆக பாரமோ, பசியோ, சொல்லோ, எதுவானாலும் முறியாமல் தாங்குவதுதான் இந்தச் சொல்லின் நடு. அகராதி சொல்லும் மூன்றும் அதிலிருந்து கிளைத்தவை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகைக் கட்டிப்போட்டுவிட்டுக் கரையில் வலை பொத்திக்கொண்டிருப்பது பொறுமை. (கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றால் அதற்கும் நோன்மை வேண்டியிருக்கும், அது வேறு கதை.) விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, முங்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறிக்கிற அறுபது வயதுக்காரிக்குப் பொறுமைசாலி என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பொறுமைசாலி என்றதும் அடுப்படியில் வாய் திறக்காமல் நிற்கும் மருமகள்தான் கண்ணில் வருகிறாள். இவள் அப்படிப்பட்டவளே இல்லை, வியாபாரியிடம் எடைக்குச் சண்டை போடுகிறவள்.

ஆனால் உங்கள் கடைசி வரி சரியான இடத்தில்தான் குத்தியது. கதை முடிகிற இடத்தில் அதே சொல்லை அவள் மகள் வாயிலும் வைத்துவிட்டேன். அது பிசகு. பாம்பன் கரையில் எந்த மகளும் அப்படிப் பேசமாட்டாள். “எங்கம்மா எம்புட்டுத் தாங்கும் தெரியுமா” என்றுதான் சொல்லியிருப்பாள். புத்தகமாக வரும்போது அதை மாற்றிவிடுகிறேன். கிழவியைப் பற்றி நான் சொல்கிற இடத்தில் நோன்மை அப்படியே இருக்கட்டும்.