"நல்லா இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுகிறான்

கேள்வி: என் மகன் இங்கேயே பி.இ. முடித்துவிட்டு, செப்டம்பரில் இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருட எம்.எஸ்சி. சேர்ந்தான். வீட்டுப் பத்திரத்தை வைத்து பேங்க் லோன் வாங்கி அனுப்பினோம். முதல் மாதம் தினமும் வீடியோ கால் பேசினான். இப்போது வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் கேமராவை அணைத்துவிட்டு, "நல்லா இருக்கேன்மா, தூக்கம் வருது" என்று வைத்துவிடுகிறான். அவனோடு வீட்டில் தங்கியிருக்கும் பையனின் அம்மா சொல்லித்தான் தெரிந்தது: இரண்டு வாரமாக வகுப்புக்கே போகவில்லையாம், சரியாகச் சாப்பிடுவதும் இல்லையாம். முதல் அசைன்மென்டில் 54 மார்க். இங்கே 86 சதவீதம் வாங்கியவன். அவன் அப்பாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. யுனிவர்சிட்டியில் கவுன்சிலிங் இருக்கிறதாமே, போயேன் என்றால், "அங்கே போனா விசாவுல பிரச்சினை வரும்மா" என்கிறான். உண்மையா? இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோமே, பல்கலைக்கழகம் அவனுக்கு என்ன செய்யும்? நாங்கள் இங்கிருந்து அவர்களோடு பேச முடியுமா?
— ஒரு தாய், ராஜபாளையம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விசா பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். உங்கள் மகனை உதவி கேட்க விடாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். பல்கலைக்கழகக் கவுன்சிலரைப் பார்ப்பதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று விசா வழங்கும் பிரிட்டன் உள்துறை அமைச்சகத்துக்கு அவர்கள் எழுதுவதில்லை. மார்க் ஷீட்டில் வராது, பாடம் நடத்துபவர்களுக்கும் போகாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும், காப்பாற்றுவதற்காக, தேவையானவர்களிடம் சொல்வார்கள். அமைச்சகத்துக்குப் போகும் தகவல் வேறு: தொடர்ந்து வகுப்புக்கு வராமல் இருப்பது, படிப்பை நிறுத்துவது. ஆக, யாரிடமும் சொல்லாமல் ரூமில் முடங்கிக் கிடப்பதால்தான் விசாவுக்கே பிரச்சினை வரும். இதை இப்படியே அவனிடம் சொல்லுங்கள். நான் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள். இந்த ஒரு வதந்தியால் கடைசி வரை உதவி கேட்காத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒருவர் போட்டதை அத்தனை பேரும் நம்பிவிடுகிறார்கள்.

அடுத்தது, இன்றே செய்ய வேண்டியது. கூட இருக்கும் பையன் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து மகனுக்குப் போன் போடுங்கள். "சாப்பிட்டியா" என்று ஆரம்பியுங்கள், ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். "மனசு ரொம்பக் கஷ்டமா இருக்காப்பா? செத்துடலாம்னு எப்பவாவது தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். ஒரு தாய் இதை வாயில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உள்ளே வைத்துக்கொண்டு தவிப்பவனுக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். "ஆமாம்" என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ, அவனைத் தனியாக விடக் கூடாது. கூட இருக்கும் பையனிடம் அதைச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்தினால் எந்நேரமும் மனநலப் பிரிவு கிடைக்கும். உடனடி ஆபத்து என்றால் 999. மனக்கஷ்டத்தில் இருப்பவர்களிடம் பேசும் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம். இந்த மூன்று எண்களையும் இப்போதே அந்தப் பையனுக்கு அனுப்பி வையுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் "அப்படியெல்லாம் இல்லம்மா, எதுவுமே பிடிக்கல" என்பார்கள். உங்கள் மகனும் அப்படிச் சொன்னால், அடுத்து அந்த 54-ஐப் பற்றிப் பேசுங்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் நம் பிள்ளைகள் பலர் உடைந்துபோவது இந்த இடத்தில்தான். அங்கே எம்.எஸ்சி.யில் 50 எடுத்தால் தேர்ச்சி. 60-க்கு மேல் மெரிட், 70-க்கு மேல் டிஸ்டிங்ஷன். 80 என்பது அபூர்வம். 86 வாங்கிப் பழகியவன் கண்ணுக்கு 54 தோல்வியாகத் தெரிகிறது, ஆனால் அவன் பாஸ் செய்திருக்கிறான். அதோடு, புத்தகத்தில் இருப்பதைத் தெளிவாக எழுதினால் நம் ஊரில் மார்க் விழும். அங்கே நாலு பேர் சொன்னதை எடுத்து எடைபோட்டு, நீ என்ன நினைக்கிறாய் என்று எழுதச் சொல்வார்கள். அந்த எழுத்துமுறைக்குக் கை பழகச் சில மாதம் ஆகும். மார்க்கின் கீழே ஆசிரியர் எழுதிய குறிப்பை அவன் படித்தே இருக்க மாட்டான். கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பல்கலைக்கழகம் என்ன செய்யும்? அவர்களிடம் நிறையவே இருக்கிறது. இலவசக் கவுன்சிலிங் உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் பெர்சனல் டியூட்டர் என்று ஓர் ஆசிரியர் உண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்குத் தனி ஆலோசகர்கள் இருப்பார்கள். மாணவர்களே இரவு முழுக்க போனில் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்கும் நைட்லைன், 1970-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கி இன்று பல ஊர்களில் இருக்கிறது. ஆனால் எல்லாமே மாணவன் வந்து கேட்டால்தான். படிவம் நிரப்ப வேண்டும், அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டும், தனக்கு என்ன என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். "அடுத்தவங்களுக்குத் தொந்தரவு குடுக்காதே", "வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே" என்று சொல்லிச் சொல்லி நாம் வளர்த்த பிள்ளை அதைச் செய்யாது. முழுத் தெம்போடு இருந்தாலே செய்யாது, படுக்கையை விட்டு எழ முடியாதபோது எப்படிச் செய்யும்? அதனால் என் உறுதியான கருத்து இது: முதல் அடியைப் பல்கலைக்கழகம்தான் எடுத்து வைக்க வேண்டும். பல படிப்புகளுக்கு 20,000 பவுண்டுக்கு மேல் வாங்குகிறவர்களிடம் இதை எதிர்பார்ப்பதில் தவறே இல்லை.

அதற்கான தகவல் அவர்கள் கையிலேயே இருக்கிறது. விசா விதிப்படி, வெளிநாட்டு மாணவர்கள் படிப்பில் ஈடுபடுகிறார்களா என்று பல்கலைக்கழகம் கண்காணித்தே ஆக வேண்டும். அதனால் வகுப்பறை வாசலில் கார்டைத் தட்டுவதோ, போனில் செக்-இன் செய்வதோ பல இடங்களில் உண்டு. உங்கள் மகன் இரண்டு வாரமாக வரவில்லை என்பது கம்ப்யூட்டருக்கு உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அது என்ன செய்கிறது? தானாகவே ஒரு மெயில் அனுப்புகிறது. "உங்கள் வருகை நிர்ணயித்த அளவுக்குக் கீழே உள்ளது. இது தொடர்ந்தால் உங்கள் விசாவுக்கான ஸ்பான்சர்ஷிப் திரும்பப் பெறப்படலாம்" என்கிற மாதிரி. ஸ்பான்சர்ஷிப் என்றால், இவன் எங்கள் மாணவன் என்று விசாவுக்காகப் பல்கலைக்கழகம் ஏற்கும் பொறுப்பு. ஏற்கெனவே பயந்து கிடப்பவன் அந்த மெயிலைப் பார்த்துவிட்டு மெயில் திறப்பதையே நிறுத்திவிடுவான். இதே தகவலை வைத்துக்கொண்டு, அவன் படிப்பும் பெயரும் தெரிந்த ஒருவர், "உன்னை இரண்டு வாரமாகப் பார்க்கவில்லை, உடம்பு சரியா? நாளை 11 மணிக்கு நானே போன் செய்கிறேன்" என்று எழுதலாம். விசா எச்சரிக்கை அதற்கப்புறம் வரட்டும். புது மென்பொருள் எதுவும் வேண்டாம், இருக்கும் மெயிலின் முதல் வரியை மாற்றி, அனுப்பியவர் மறுநாள் போனை எடுத்துப் பேசினால் போதும்.

இதைச் செய்ய வைக்கச் சட்டமும் ஓரளவு துணைக்கு இருக்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த ஒரு மாணவி 2018-இல் இறந்துபோனார். அந்த நாட்டுப் பெண்தான். நாலு பேர் முன்னால் பேசுவதற்கே கடுமையான பதற்றம் உள்ளவர், ஆனால் அவருக்கும் வாய்மொழித் தேர்வு முறையே இருந்தது. அவர் பெற்றோர் தொடுத்த வழக்கில், அவருக்குத் தேவையான மாற்றத்தைப் பல்கலைக்கழகம் செய்து தரவில்லை, அது ஊனமுற்றோருக்கு எதிரான பாகுபாடு என்று 2022-இல் தீர்ப்பு வந்தது. 2024-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நீண்ட கால மனநலப் பாதிப்பு உள்ள மாணவருக்குத் தேர்வு முறையிலும் கெடுவிலும் மாற்றம் செய்து தருவது அவர்கள் இஷ்டம் அல்ல, 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டப்படி கடமை. வெளிநாட்டு மாணவருக்கும் அது பொருந்தும்.

அவர்கள் இன்னும் செய்ய வேண்டியவை பல. மார்க் முறையை முதல் அசைன்மென்டுக்கு முன்பே, உதாரண விடைத்தாளோடு விளக்கலாம். டியூட்டரைச் சந்திப்பதை விருப்பமாக விடாமல், ஐந்தாவது வாரத்தில் எல்லோருக்கும் ஒரு நேரம் குறித்துவிடலாம். எல்லோருக்கும் என்றால் யாருக்கும் கூச்சம் இருக்காது. ஜனவரியில் சேருகிறவர்களை மறந்தே போகிறார்கள். செப்டம்பர் பிள்ளைகளுக்கு நடக்கும் வரவேற்பு வாரம் அவர்களுக்குப் பெயரளவுக்குத்தான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் உள்ளூர் மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வடக்கே அந்த மாதத்தில் காலை எட்டரைக்குத்தான் விடியும், மாலை நாலுக்குள் இருட்டிவிடும். நம் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த இருட்டே பெரிய பாரம். அந்த நாட்களில் ஒரு ஹாலைத் திறந்து வைத்துச் சாப்பாடு போடும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. எல்லாமே அதைச் செய்ய வேண்டும். ஸ்டூடண்ட் மைண்ட்ஸ் என்ற அமைப்பு 2019-இல் பல்கலைக்கழகங்களுக்கென ஒரு மனநலச் சாசனம் வெளியிட்டது. பாடம் நடத்தும் விதம், தங்குமிடம், தேர்வு எல்லாமே மாணவரின் மனநலத்தில் சேர்த்தி என்பதுதான் அதன் அடிப்படை. அதைத்தான் நானும் நம்புகிறேன்.

சரி, உங்கள் மகன் உடனே போக வேண்டியது ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரிடம். விசா வாங்கும்போதே என்.ஹெச்.எஸ். என்கிற அங்கத்திய அரசு மருத்துவத்துக்காக வருடத்துக்கு 776 பவுண்டு கணக்கில் கட்டியிருப்பீர்கள். டாக்டரைப் பார்க்கத் தனியாகக் காசு இல்லை. இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்யட்டும். டாக்டர் தரும் கடிதம் இருந்தால் அசைன்மென்டுகளுக்குக் கூடுதல் அவகாசம் கேட்க முடியும். அதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது, கேட்பது அவமானம் இல்லை, உள்ளூர்ப் பிள்ளைகள் தயங்காமல் கேட்கிறார்கள். படிப்பைச் சில மாதம் நிறுத்தி வைக்கவும் வழி உண்டு. ஆனால் அதில் மட்டும் விசா சம்பந்தப்படுகிறது: இடைவெளி 60 நாளுக்கு மேல் போனால் பொதுவாக ஸ்பான்சர்ஷிப் நின்றுவிடும், ஊர் திரும்பிவிட்டுப் புது விசாவில் போக வேண்டியிருக்கும். எனவே வெளிநாட்டு மாணவர் ஆலோசகரிடம் பேசாமல் அந்த முடிவை எடுக்கவே கூடாது.

அவன் பகுதி நேர வேலைக்குப் போகிறானா என்றும் விசாரியுங்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. கடனை நினைத்து ராத்திரி ஷிஃப்ட்டில் நின்றுவிட்டுக் காலையில் எழ முடியாமல் போகிற பிள்ளைகள் அதிகம். அதனால்தான் சொல்கிறேன், அவன் அப்பாவிடம் இன்றே பேசுங்கள். வீட்டுப் பத்திரம் தன்னால் போய்விடுமோ என்ற பயத்தை அந்தப் பையன் தனியாகச் சுமக்கிறான். பெரும்பாலான கல்விக் கடன்களில் படிப்பு முடிந்து ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் தவணை தொடங்கும். அதுவரை வட்டி மட்டும் ஏறும். உங்கள் கடனில் என்ன என்று பேங்க்கில் கேட்டு எழுதி வையுங்கள். "லோனை நாங்க பாத்துக்கறோம், நீ முதல்ல டாக்டரைப் பாரு" என்ற வாக்கியம் அப்பாவின் வாயிலிருந்து வந்தால் அவனுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். உங்களுக்கும் தூக்கம் போயிருக்கும். 14416 என்ற டெலி மானஸ் (நம் அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

பல்கலைக்கழகத்தோடு நீங்கள் தாராளமாகப் பேசலாம். அவன் வயதுவந்தவன் என்பதால், அவன் சம்மதம் இல்லாமல் அவனைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டார்கள். அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். அவர்கள் சொல்லக் கூடாதே தவிர, நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தடை இல்லை. பல்கலைக்கழக இணையதளத்தில் மாணவர் நலப் பிரிவின் மெயில் முகவரி இருக்கும். பெரிய ஆங்கிலம் தேவையில்லை. மகனின் முழுப் பெயர், ஸ்டூடண்ட் நம்பர், படிப்பு, தங்கியிருக்கும் முகவரி. பிறகு: "இரண்டு வாரமாக வகுப்புக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கூட இருப்பவர் சொல்கிறார். விசாவுக்குப் பயந்து உதவி கேட்க மறுக்கிறான். அவனைப் பற்றிய தகவல் எனக்கு வேண்டாம். தயவுசெய்து ஒருவர் அவனைத் தொடர்புகொண்டு, தேவைப்பட்டால் நேரில் போய்ப் பாருங்கள்." இதற்கு வெல்ஃபேர் செக் என்று பெயர், அந்த இரண்டு வார்த்தையை மெயிலின் தலைப்பிலேயே போடுங்கள். எழுதியதை மகனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கோபப்படுவான், படட்டும்.

மெயில் போட்ட மறுநாளே போனும் செய்யுங்கள். குளிர்காலத்தில் அங்கே காலை ஒன்பது மணி என்றால் நமக்கு மதியம் 2.30. சனி ஞாயிறு அலுவலகம் இருக்காது. அவசரம் என்றால் பல்கலைக்கழகப் பாதுகாப்புப் பிரிவின் எண்ணுக்குப் போடுங்கள், அது எந்நேரமும் எடுப்பார்கள். எடுப்பவர் "நாங்கள் எதுவும் சொல்ல முடியாது" என்று ஆரம்பித்தால், "நான் எதுவும் கேட்கவில்லை, ஒரு தகவல் கொடுக்கத்தான் கூப்பிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி ஸ்டூடண்ட் நம்பரைப் படியுங்கள்.