புள்ளியியலுக்குப் பயந்து பொருளியலை விட வேண்டாம்

அம்மா, பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் தாளில் தடுமாறும் மகளை வேறு படிப்புக்கு மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். மாற்ற வேண்டாம். அவள் பயப்படுவது சூத்திரங்களுக்கு. அந்தக் கணக்கையெல்லாம் கணினி போட்டுவிடும். தரவு திரட்டக் கணக்கெடுக்கும்போது யாரிடம், எப்போது, என்ன கேட்பது என்பதுதான் உண்மையிலேயே கடினம்.

உங்கள் காசிமேட்டையே பாருங்கள். விசைப்படகில் போகிறவர் வீட்டில் மே மாதம் போய் "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது தெரியாதவர் மே மாத வருமானத்தை 12-ஆல் பெருக்கி ஆண்டு வருமானம் என்று எழுதிவிடுவார். காலையில் மட்டும் வீடு வீடாகப் போனாலும் இதே கதிதான். மீன் விற்கப் போன பெண்கள் கணக்கில் வரமாட்டார்கள். அந்தத் தெருவில் பெண்கள் வேலைக்கே போவதில்லை என்று அட்டவணை சொல்லும். எந்தச் சூத்திரமும் இந்தப் பிழையைத் திருத்தாது. இங்கேயே வளர்ந்த உங்கள் மகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளுடைய பெரிய பலம் அது.

இப்போதைக்கு எக்செல்லில் சராசரி, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்), குறுக்கு அட்டவணை (இரண்டு விவரங்களைச் சேர்த்துக் காட்டும் அட்டவணை) போதும். அடுத்து 'ஆர்' மென்பொருள், அது இலவசம். ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் ரெக்ரெஷனை அதற்குப் பிறகு பார்க்கலாம். வார இறுதியில் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுத்தந்து சான்றிதழ் கொடுக்கும் வகுப்புகளுக்கு ஆயிரக்கணக்கில் கட்டாதீர்கள். மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம்.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பி.ஏ.வோடு நின்றால் கிடைப்பது பெரும்பாலும் களப்பணியாளர் வேலை. ஒப்பந்தச் சம்பளம், வெயிலில் அலைச்சல். முதுகலை அவசியம். கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் போக விரும்பினால் அடையாறில் 1971-இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்கும் பொருளியல் முதுகலை வேண்டும். அதன் பாடத்திட்டத்திலும் புள்ளியியல் உண்டு.

இந்த விடுமுறையில் அவள் ஒன்றே ஒன்று செய்யட்டும். 2017 முதல் மத்திய அரசு நடத்தும் தொழிலாளர் கணக்கெடுப்பின் (PLFS) தரவு புள்ளியியல் அமைச்சகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். முதலில் அதன் கேள்விப் பட்டியலை மட்டும் இறக்கிப் படிக்கட்டும். கடந்த ஏழு நாளில் செய்த வேலையை எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்து, அதே கேள்விகளை உங்கள் தெருவில் இருபது வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு என்னிடம் வரட்டும். அட்டவணை போடுவதை நான் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன்.