எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கு இப்போது மூளை ஸ்கேன் எதற்கு?

கேள்வி: மகள் 30 வாரத்தில் 1.4 கிலோவில் பிறந்தாள். இப்போது 14 வயது. கணக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடலாமா?

பதில்: கணக்குக்காக மட்டும் என்றால் வேண்டாம். படத்தைப் பார்த்து அதற்குக் காரணம் சொல்ல யாராலும் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கழித்தல் போடுவதைப் பாருங்கள். இலக்கங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக விழுகின்றனவா, சாய்ந்துபோகின்றனவா? கடன் வாங்கியது பாதியில் மறந்துபோகிறதா? சாய்ந்துபோனால் கண்ணையும் இடவுணர்வையும், கடன் மறந்துபோனால் வேலை நினைவாற்றலையும் (ஒன்றைச் செய்துகொண்டே இன்னொன்றை மனதில் வைத்திருக்கும் திறன்) சோதிக்க வேண்டும். வலிப்பு, ஒருபக்கப் பலவீனம், வாந்தியோடு கூடிவரும் தலைவலி, முன்பு தெரிந்ததை இழப்பது ஆகியவை இருந்தால் கதை வேறு; உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில், ‘வெண்டிரிக்கிள்கள் சற்றே பெரிது, கார்பஸ் கலோசம் மெலிவு’ என்று வந்திருக்கிறது. பையன் 28 வாரத்தில் பிறந்தவன். தூக்கமே போய்விட்டது.

பதில்: குறைமாதத்தில் பிறந்தவர்களின் அறிக்கைகளில் நான் அடிக்கடி படிக்கும் வரிதான் இது. கர்ப்பத்தின் 24 முதல் 32 வாரம் வரை, நரம்பிழைகளுக்கு மையலின் என்ற கொழுப்பு உறை போடவேண்டிய செல்கள் இளசாக இருக்கும். ஆக்சிஜன் குறைவையும் அழற்சியையும் அவை தாங்காது. அதனால் இந்த இழைகள் நிறைந்த வெள்ளைப்பகுதி கொஞ்சம் குறைகிறது, நடுவிலுள்ள நீரறைகளான வெண்டிரிக்கிள்கள் அந்த இடத்தை எடுத்துக்கொள்கின்றன. இரு பாதி மூளைகளையும் இணைக்கும் பாலமான கார்பஸ் கலோசமும் இந்த இழைகளால் ஆனதுதான். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், 33 வாரத்துக்கு முன் பிறந்த 14, 15 வயதினர் 72 பேரில் 40 பேரின் படம் இயல்பாக இல்லை. இது பிறந்த சமயத்துத் தழும்பு, வளரும் நோயல்ல. பையன் ஓடியாடிப் படித்துக்கொண்டிருக்கிறான் என்றால், அறிக்கையைவிட அதற்கே நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

கேள்வி: மாதம் நிறைந்து, ஆனால் 2.2 கிலோவில் பிறந்த பெண்ணுக்கும் இதுவேதானா?

பதில்: இல்லை. 2.5 கிலோவுக்குக் கீழே எல்லாமே ‘எடைக்குறைவு’ என்றாலும் காரணம் ஒன்றல்ல. சிலர் பெற்றோரைப் போலச் சிற்றுடல்காரர்கள், அவ்வளவுதான். நஞ்சுக்கொடி சரியாக ஊட்டாததால் மெலிந்தவர்களிடம் சராசரியில் மூளையின் கனஅளவு சற்றுக் குறையலாம்.

கேள்வி: பல்லில் கம்பி இருக்கிறது. கதிர்வீச்சு பயமும் உண்டு.

பதில்: எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கதிர்வீச்சு கிடையாது, அது சி.டி. ஸ்கேனில்தான். கம்பியால் பொதுவாக ஆபத்தில்லை, படம்தான் முன்பக்கம் கோணலாகும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சத்தம் பலமாக இருக்கும், காதடைப்பான் தருவார்கள்.

கேள்வி: நான் 900 கிராமில் பிறந்தேன், இப்போது 16 வயது. ஸ்கேன் இயல்பு என்றார்கள். ஆனால் எங்களுக்கு மூளை சின்னது என்று படித்தேன். நிஜமா?

பதில்: சராசரியில் கொஞ்சம் சிறியது, நிஜம்தான் தம்பி. ஆனால் அது கூட்டத்தின் கணக்கு. நார்வேயின் டிரான்ட்ஹைமில் 1986-88இல் 1,500 கிராமுக்கும் குறைவாகப் பிறந்தவர்களை வளர்ந்த பிறகும் படமெடுத்துத் தொடர்ந்தார்கள். அங்கும் வித்தியாசங்கள் குழுக்களை ஒப்பிட்டபோது தெரிந்தவை. உன் படத்தை உன் வயதுப் பிள்ளைகள் 20 பேரின் படங்களோடு கலந்து, பெயரை மறைத்து என்னிடம் கொடுத்தால், உன்னுடையதைப் பொறுக்கி எடுக்க நான் திணறிப்போவேன்.