ஹரோவுக்கு வந்த தம்பிக்கு: ஹீற்றிங் காசு எங்கே போகிறது?

தம்பி, லண்டன் ஹரோவில் இரண்டு அறை வீடு, கைக்குழந்தை, கொம்பி பொயிலர் (தாங்கி இல்லாமல் ஹீற்றிங்கும் சுடுதண்ணியும் தருகிற காஸ் பொயிலர்), காசு ஏற்றுகிற மீற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹீற்றிங்கை நாள் முழுக்க மெல்லமாக விட்டால் மலிவா, பிள்ளையின் அறைக்கு ஒயில் ஹீற்றர் வாங்கலாமா, ஹீற் பம்ப் (வெளியில் இருக்கிற சூட்டைக் கரண்டால் வீட்டுக்குள் இழுக்கிற இயந்திரம்) நல்லதா, எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று கேள்வி. குளிர்காலத்தில் வந்திறங்கிய எல்லாருக்கும் இந்தப் பயம் வரும், எனக்கும் வந்ததுதான். பள்ளிக்கூடக் கதையை விடுங்கள், அதுக்குப் பதில் சொல்ல கோயில் வாசலிலேயே பத்துப் பேர் நிற்பார்கள்.

ஒயில் ஹீற்றர் வாங்காதீர்கள். 2025இல் கரண்ட் யூனிற் (ஒரு கிலோவாற் மணித்தியாலம்) 26 பென்ஸ் அளவில் நின்றது, காஸ் யூனிற் 6 பென்ஸ் சொச்சம். அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். 2 கிலோவாற் ஹீற்றர் ஒரு மணித்தியாலம் விடாமல் ஓடினால் 52 பென்ஸ். அதே அளவு சூட்டை பொயிலர் தர, பத்தில் ஒரு பங்கு புகைக்குழாயால் போனாலும், 14 பென்ஸ்தான். ஒயில், காற்றாடி, செராமிக் எதுவாக இருந்தாலும் ஒரு யூனிற் கரண்டுக்கு ஒரு யூனிற் சூடுதான் வரும். பெட்டியில் 'சிக்கனம்' என்று போட்டிருப்பது வியாபாரம். பிள்ளை படுக்கும் அறைக்கு 16 முதல் 20 பாகை போதும். 25க்கு ஏற்றுவது பிள்ளைக்கும் கூடாது. பெரியவர்களுக்குக் குளிர்ந்தால் மின்சாரப் போர்வை இருக்கிறது. 100 வாற், மணிக்கு 3 பென்ஸுக்குள் முடியும். அதைப் பிள்ளைக்குப் போடவேண்டாம்.

நாள் முழுக்க மெல்லமாக விடுவது மலிவு என்பது எங்கட சனம் விடாமல் சொல்லும் பொய். வீடு எவ்வளவு நேரம் சூடாக இருக்கிறதோ அவ்வளவு நேரமும் சுவராலும் கண்ணாடியாலும் சூடு வெளியே போய்க்கொண்டே இருக்கும். எழும்புவதற்கு அரை மணித்தியாலம் முன்பு பற்றி, படுப்பதற்கு அரை மணித்தியாலம் முன்பு நிற்கிற மாதிரி டைமரைப் போடுங்கள். பகலில் பிள்ளையோடு வீட்டில் ஆள் இருந்தால் அந்த நேரத்தையும் சேருங்கள். அறைச் சூட்டை அளந்து பொயிலரை நிற்பாட்டுகிற தெர்மோஸ்ராற் 19 பாகையில் நிற்கட்டும். 27க்குத் திருகினால் கெதியாகச் சூடாகாது, நிற்பாட்ட மறந்து காசுதான் போகும்.

இனி ஒருவரும் சொல்லித் தராத விசயம். பொயிலரின் முகத்தில் இரண்டு திருகி இருக்கும், அல்லது இரண்டு பட்டன். ஒன்றில் ரேடியேற்றர் படம், மற்றதில் தண்ணிப் பைப் படம். பூட்டினவர் ரேடியேற்றர் பக்கத்தை 75, 80 பாகையில் விட்டுவிட்டுப் போயிருப்பார். அதை 60க்கு இறக்குங்கள். இப்போதைய பொயிலர்கள் புகையில் இருக்கிற நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கி, அந்தச் சூட்டையும் எடுக்கும்படி செய்தவை. ரேடியேற்றரைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அது ஒழுங்காக நடக்கும். 80இல் விட்டால் அந்தச் சூடு அப்படியே கூரைக்கு மேலே போகிறது. 60இல் ரேடியேற்றர் முந்தி அளவுக்குச் சுடாது, அறை சூடாகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். டைமரைக் கால் மணித்தியாலம் முந்திப் போட்டால் சரி. உறைபனி நாளில் எட்டவில்லை என்றால் 65. பைப் பக்கத்துக்கு 50 போதும். ஆனால் சுடுதண்ணித் தாங்கி உள்ள வீட்டில் தாங்கியை 60க்குக் கீழே இறக்கக் கூடாது, லீஜியனெல்லாக் கிருமி வளரும்.

ரேடியேற்றர் மேலே குளிர்ந்து கீழே சுட்டால் உள்ளே காற்று. ஹீற்றிங்கை நிற்பாட்டி ஆறவிட்டு, மேல் மூலையில் இருக்கிற காற்றுத் திருகியை அதற்கான சாவியால் அரைச் சுற்றுத் திருப்பி, துணி பிடித்து, தண்ணி வந்ததும் இறுக்குங்கள். பிறகு பொயிலர் அமுக்கத்தைப் பாருங்கள். ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை நிற்கவேண்டும். கீழே குளிர்ந்து மேலே சுட்டால் சேறு. அது வீட்டை வாடகைக்கு விட்டவர் செய்விக்கவேண்டிய வேலை. ரேடியேற்றர் பக்கத்தில் 1 முதல் 5 வரை எண் போட்ட வால்வு அறையின் சூட்டை அளந்து தானே மூடும். தெர்மோஸ்ராற் இருக்கிற அறையில் அதை முழுக்கத் திறந்து விடுங்கள். அங்கே குறைத்தால் தெர்மோஸ்ராற்றுக்குப் போதிய சூடு எட்டாது, பொயிலர் நிற்காது.

உறைபனிக் காலையில் பொயிலர் களகளவென்று சத்தம் போட்டு நின்றால், பொயிலர் தண்ணியை வெளியே வடிக்கிற, வெளிச்சுவரில் இறங்கும் பிளாஸ்ரிக் குழாய் உறைந்திருக்கலாம். இளஞ்சூட்டுத் தண்ணி ஊற்றி, ரீசெற் பட்டனை அமத்துங்கள். கொதிதண்ணி ஊற்றினால் குழாய் வெடிக்கலாம். மூடியைக் கழற்றி உள்ளே கை வைக்கிற வேலைக்கு காஸ் சேஃப் (காஸ் வேலை செய்ய அனுமதி உள்ளவர்களின் பதிவேடு) பதிவு உள்ளவர் மட்டும்தான். 'தெரிந்த பொடியன் மலிவாகச் செய்வான்' என்பவர்களைக் கிட்டவும் எடுக்காதீர்கள்.

மீற்றரில் முந்தி இருந்தவரின் கடன் இருக்கலாம். வீட்டுக்குள் போன அன்றைக்கே இரண்டு மீற்றரையும் படம் எடுத்து, காஸ், கரண்ட் கொம்பனிக்கு ஃபோன் அடித்து, புது ஆள் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் 20 பவுண் போட்டால் அதில் ஒரு பங்கு அவருடைய கடனுக்குப் போகும். இன்னொன்று, கோடையில் காஸ் பாவிக்காமல் காசு ஏற்றாமல் விட்டாலும் தினக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். ஒக்ரோபரில் முதல் தரம் போடுகிற காசை அது விழுங்கும். கோடையிலும் மாதம் 10, 15 பவுண் போட்டு வாருங்கள். காஸ், கரண்ட் விலையைக் கண்காணிக்கிற ஒஃப்ஜெம் 'விலை வரம்பு' என்று அறிவிக்கிற வருடத் தொகையைப் பார்த்து அதுக்கு மேலே கட்டத் தேவையில்லை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வரம்பு யூனிற் விலைக்கும் தினக் கட்டணத்துக்கும்தான், உங்கள் பில்லுக்கு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருக்கால் மாறும்.

அறைக்கு 'பில்லோடு' என்று வாடகை வாங்கி, தெர்மோஸ்ராற்றைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிற எங்கட ஆக்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கணக்குப் பார்த்து காஸ், கரண்ட் விற்கிற வீட்டுக்காரர் தான் கொடுக்கிற யூனிற் விலைக்கும் தினக் கட்டணத்தில் உங்கள் பங்குக்கும் மேலே ஒரு பென்ஸும் வாங்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு காஸ் பாதுகாப்புச் சான்றிதழ் எடுத்து, வீட்டுக்கு வர முதல் உங்கள் கையில் தரவேண்டும். பொயிலர் இருக்கிற அறையில் ஆட்கள் புழங்கினால் காபன் மொனொக்சைட் அலாரமும் அவர் பூட்டவேண்டும். கேளுங்கள். தமிழன் என்று வாய் மூடியிருந்தால் குளிர் குறையாது.

சோறு வடிக்கும்போது ஆவி வீட்டுக்குள் பரவாமல் குசினிக் கதவைச் சாத்தி, ஆவியை வெளியே இழுக்கிற காற்றாடியைப் போடுங்கள். உடுப்பை ரேடியேற்றரில் காயவிடாதீர்கள். ஒரு முறை தோய்த்த உடுப்பிலிருந்து இரண்டு லீற்றர் அளவு தண்ணி வீட்டுக் காற்றில் கலக்கும், பிறகு அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சணம். ஜன்னலின் மேல் உள்ள சின்னக் காற்றுத் துவாரத்தை ஒட்டுநாடா போட்டு ஒட்டவேண்டாம்.

ஹீற் பம்ப் இப்போது உங்களுக்கில்லை, சொந்த வீடு வாங்கின பிறகு பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு 7,500 பவுண் கொடுக்கிறது, பூட்டுகிறவரே விண்ணப்பிப்பார். ஒரு யூனிற் கரண்டுக்கு மூன்று யூனிற் சூடு கிடைத்தாலும், மேலே சொன்ன விலையில் அந்தச் சூடு யூனிற் கிட்டத்தட்ட 9 பென்ஸ், காஸ் பொயிலரில் 7. நாலுக்குக் கிட்ட வந்தால்தான் சமம். காஸ் இணைப்பையே வெட்டினால் தினக் கட்டணம் மிச்சம். பெரிய ரேடியேற்றர் போடாமல், கூரைக்குச் சூடு போகாமல் தடுக்கிற பஞ்சு போடாமல் பூட்டினவர்கள்தான் 'அது உதவாது' என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார்கள்.

எண்பதுகளில் வந்தவர்கள் பரபின் ஹீற்றர் மணத்தோடும், 50 பென்ஸ் குற்றி விழுங்கும் மீற்றரோடும் காலம் தள்ளினார்கள். குற்றி முடிந்தால் இருட்டு; ஐந்து பேர் ஒரு அறையில் கோட்டோடு படுப்பார்கள். அவர்களில் சிலர் இன்றைக்கும் மார்கழி வரை ஹீற்றிங் போடமாட்டேன் என்று பெருமை அடிக்கிறார்கள். கைக்குழந்தை உள்ள நீங்கள் அந்தப் போட்டிக்குப் போகவேண்டாம். கொம்பனிக்கு ஃபோன் அடிக்கும்போது ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிறது என்று சொல்லி, கூடுதல் உதவி தேவையானவர்களின் முன்னுரிமைப் பட்டியலில் (Priority Services Register) பெயரைப் போடச் சொல்லுங்கள். அது இலவசம்.