சின்னக் கைகளுக்கு எந்தக் கிளாரினெட்?

மகளுக்கு எட்டு வயது. வழக்கமான பி-பிளாட் கிளாரினெட்டில் விரல் எட்டவில்லை. அதைவிடச் சின்னதான ஈ-பிளாட் வாங்கலாமா?

வேண்டாம். அளவை மட்டும் பார்த்துப் பலர் செய்யும் தவறு இது. ஈ-பிளாட் சுமார் 49 செ.மீ. நீளம்தான். ஆனால் வாயில் வைத்து ஊதும் அதன் மவுத்பீஸ் மிகச் சிறியது. உதட்டுப் பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் சுருதி விலகிவிடும். பி-பிளாட்டில் நன்றாகத் தேறியவர்களே திணறும் கருவி அது.

உங்கள் மகளுக்கு ஏற்றது சி கிளாரினெட். பி-பிளாட்டைவிட ஒரு முழு ஸ்வரம் உயரம், துளைகளும் நெருக்கமாக இருக்கும். எடையையும் பாருங்கள். வலது கட்டைவிரல்தான் கருவியைத் தாங்குகிறது. பி-பிளாட் பெரும்பாலும் 700 கிராமைத் தாண்டும். நுவோ நிறுவனத்தின் கிளாரினியோ என்ற பிளாஸ்டிக் சி கிளாரினெட் 300 கிராமுக்கும் குறைவு, தண்ணீரில் கழுவவும் செய்யலாம். கிரஹாம் லயன்ஸ் குழந்தைகளுக்காகவே வடிவமைத்த கருவியின் வழிவந்தது அது. தொடங்க நல்ல தேர்வு. அப்புறம், மேல் முன்பற்கள் மவுத்பீஸில் ஊன்ற வேண்டும். பால்பல் விழுந்த இடத்தில் புதுப்பல் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பள்ளி பேண்டில் சி கிளாரினெட்டை வைத்துச் சமாளிக்க முடியுமா?

பேண்டில் தரும் தாள் பி-பிளாட்டுக்கு எழுதியது. அதை அப்படியே சி-யில் வாசித்தால் எல்லா ஸ்வரமும் ஒரு படி மேலே கேட்கும். ஆசிரியர் தனித் தாள் எழுதித் தருவார் என்றால் சரி. இல்லையென்றால் கை வளரும்வரை வீட்டில் சி, பேண்டுக்குப் போகும்போது பி-பிளாட். விரல்முறை பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் படித்தது வீணாகாது.

ஆன்லைனில் பெட்டியோடு மலிவாக ஒரு சி கிளாரினெட் கிடைக்கிறது. நம்பலாமா?

திருப்பி அனுப்ப வசதி இருந்தால் மட்டும். என் மாணவர் ஒருவர் இப்படி வாங்கியதில் மூன்றே மாதத்தில் கீ (துளையைத் திறந்து மூடும் உலோக நெம்பு) வளைந்தது. நிமிர்த்தப் போனோம், ஒடிந்துவிட்டது. மட்டமான வார்ப்பு உலோகம்.

வந்தவுடன் இரண்டு சோதனை செய்யுங்கள். முதலாவது காற்றுக் கசிவு. மேல்பாகத்தை மட்டும் எடுத்து, துளைகளை விரலால் மூடி, ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, மறுமுனையில் உறிஞ்சுங்கள். ஓரிரு நொடியாவது இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும். இரண்டாவது சுருதி. கீழ் எஃப்-ஐ ஊதிவிட்டு, ஸ்வரத்தை மேலே தாவவைக்கும் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் மேலே சி வர வேண்டும். ஜி-யில் தொடங்கினால் டி. போனில் உள்ள ட்யூனரைப் பாருங்கள். சி கிளாரினெட்டில் நீங்கள் பிடிக்கும் ஸ்வரமே திரையிலும் வரும், குழப்பம் இல்லை. முள் 10 செண்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு செண்ட்) விலகினால் உதட்டால் சரிசெய்யலாம். ஒரு ஸ்வரம் 30 கூட, அடுத்தது 30 குறைய என்றால் பேரலை (மவுத்பீஸுக்குக் கீழே உள்ள சின்னத் துண்டு) இழுத்தும் பயனில்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள். இதைக் குழந்தையை ஊதவைத்துப் பார்க்காதீர்கள். பழகிய ஒருவர் ஊத வேண்டும். தாறுமாறான சுருதியோடு பழகும் குழந்தை தன் காதையே சந்தேகிக்கத் தொடங்கும். இதை நினைத்தால்தான் எனக்கு மனம் வலிக்கிறது.

தாத்தாவின் பழைய பி-பிளாட் கிளாரினெட்டில் ‘ஹெச்.பி.’ என்று பொறித்திருக்கிறது. எந்த கீயும் பழுதில்லை. பயன்படுமா?

‘ஹை பிட்ச்’ என்பதன் சுருக்கம் அது. பழைய பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகளின் சுருதி. ஏ ஸ்வரத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 452 அதிர்வு. இன்றைய அளவு 440. வித்தியாசம் அரை ஸ்வரத்தில் பாதி. கருவியும் ஏறத்தாழ 2 செ.மீ. குட்டையாக இருக்கும். பேரலை இழுத்தால் மேல்பக்க ஸ்வரங்கள் அதிகமாகவும் கீழ்ப்பக்கம் குறைவாகவும் இறங்கும், ஒன்றோடொன்று சேராது. படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பத்திரமாக வையுங்கள்.

மகன் கர்நாடக சங்கீதம் வாசிக்கப் போகிறான். எந்தச் சுருதிக் கருவி?

சி விரல்நிலையை ஷட்ஜமாக வைத்தால் பி-பிளாட்டில் ஆறரைக் கட்டை, சி-யில் ஒன்று, ஈ-பிளாட்டில் இரண்டரை. ஷட்ஜத்தை எங்கே பிடிப்பது என்பது குருவுக்குக் குரு மாறும், அவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். விரலைத் துளையிலிருந்து மெல்ல விலக்கித்தான் கமகம் பிறக்கிறது. எனவே விரல் நேரடியாகத் துளையை மூடும் கருவியாகப் பாருங்கள். கர்நாடக இசைக் கிளாரினெட் மேதை ஏ.கே.சி. நடராஜன் அவர்களின் வாசிப்பை மகனுக்கு இப்போதே போட்டுக் காட்டுங்கள்.